சேவையகப் பாதுகாப்பும் ஊடுருவற் சோதனையும்

தான் எழுதிய விடைத்தாளைத் தானே திருத்தும் மாணவன் தன் பிழைகளைக் காண்பது அரிது. அவன் நேர்மையற்றவன் என்பது இதன் கருத்தன்று. எழுதும்பொழுது எவ்வெண்ணம் அவனைப் பிழைபடச் செய்ததோ, அவ்வெண்ணமே திருத்தும்பொழுதும் அவன் கண்ணை மறைத்து நிற்கின்றது. ஆசிரியத் தொழிலிற் பழகியோர் இவ்வுண்மையை நன்கறிவர். எழுதியவனல்லாத பிறனொருவன் திருத்துதல் வேண்டும் என்னும் நியதி இதுபற்றியே எழுந்தது.

கணினிச் சேவையகங்களின் காவலுக்கும் இந்நியதி பொருந்தும். அரணை அமைத்தவன் அதன் குறையைக் காணான். ஆதலின், உடைமையாளரின் அனுமதி பெற்ற வேறொருவன் பகைவனைப்போல் நின்று அவ்வரணை உடைத்துப் பார்த்தல் வேண்டும். இம்முயற்சியையே ஊடுருவற் சோதனை என்பர். இதன் இயல்பு யாது, பயன் யாது, எல்லை யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சேவையகம் என்பது யாதென அறிதல் நன்று. பிற கணினிகள் வேண்டும் பணிகளைச் செய்து கொடுக்கும் பொருட்டு இரவும் பகலும் விழித்திருக்கும் கணினியே சேவையகம் எனப்படும். வங்கியிலுள்ள எமது கணக்கும், மருத்துவமனையிலுள்ள நோய்க் குறிப்பும், மாணவரின் பரீட்சைப் பெறுபேறும், நாம் விடுக்கும் மின்னஞ்சலும் இத்தகைய கணினிகளிலேயே தங்கியுள்ளன. முற்காலத்தில் இவை இரும்புப் பெட்டகங்களுள் ஏடுகளாகக் கிடந்தன. அவற்றைக் களவாட விரும்புவோன் அவ்விடத்துக்கு நேரில் வருதல் வேண்டும். வந்தபின் சுமந்து செல்லுதலும் வேண்டும். இன்றோ, உலகின் எம்மூலையில் இருப்பவனும் இருந்த இடத்திலிருந்தே அவற்றைப் படியெடுத்துக் கொள்ளலாம். மூலம் இருந்தவாறே இருத்தலின், களவு போனமை உடையவர்க்கே தெரியாது போதலும் உண்டு. மேலும், அக்களவினால் வரும் கேடு சேவையகத்தை நடத்துவோருக்கு மாத்திரம் உரியதன்று. தம் விவரங்களை நம்பிக் கொடுத்துவிட்டு, அச்சேவையகம் எங்குள்ளது என்பதனையும் அறியாதிருக்கும் பொதுமக்களே பெருங்கேடு அடைவர். அவர்கள் தாமாகச் சென்று பூட்டை இழுத்துப் பார்க்க இயலாது. அவர்கள் பொருட்டு வேறு எவரேனும் இழுத்துப் பார்த்தல் வேண்டும்.

இக்கருத்தை வகுப்பில் எடுத்துரைத்தபொழுது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், ‘கள்வன் செய்யும் தொழிலையே நல்லவனும் செய்தல் தகுமோ? ஓட்டை இன்ன இடத்தில் உளது என்று சொல்லுதல் கள்வனுக்கு வழிகாட்டுதல் ஆகாதோ?’ என வினவினான். நல்ல வினா. கணினிகள் தோன்றுதற்கு முன்னரே இவ்வினா எழுந்து, ஒருவாறு விடையும் பெற்றுள்ளது.

1851 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் உலகப் பெருங்கண்காட்சி நடைபெற்றது. அதற்கு வந்திருந்த அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளராகிய ஆல்பிரட் சார்ள்ஸ் ஹொப்ஸ் என்பார், திறக்கவொண்ணாதவை என ஆங்கிலேயர் நம்பியிருந்த இரு பூட்டுகளைத் திறந்து காட்டினார். அவற்றுள் ஒன்று சப் குடும்பத்தாரின் பூட்டு. கள்ளத்தனமாகத் திறக்க முயன்றால் தானே இறுகிக்கொண்டு உடையவனுக்கு அம்முயற்சியை அறிவிக்கும் பொறி அதனுள் இருந்தது. ஹொப்ஸ் அதனை ஏறத்தாழ 25 நிமிடங்களில் திறந்தார். மற்றையது பிராமா என்பாரின் பூட்டு. திறப்போருக்கு 200 கினி பரிசளிக்கப்படும் என்னும் அறிவித்தலுடன் அது பல்லாண்டுகளாகக் கடைச் சாளரத்தில் வைக்கப்பட்டிருந்தது. அதனைத் திறக்க அவருக்கு 16 நாட்களில் 51 மணித்தியாலங்கள் சென்றன. இவற்றைக் கண்ட மக்கள் திகைத்தனர். பூட்டின் குறையை வெளிப்படுத்துதல் சமுதாயத்துக்குத் தீங்கு எனச் சிலர் கூறினர். 1853 ஆம் ஆண்டு சார்ள்ஸ் ரொம்லின்சன் பதிப்பித்த பூட்டியல் நூல் இவ்வாதத்தை ஆராய்ந்து மறுத்தது. கள்வர் தம் தொழிலிற் கூர்மையானவர். நாம் கற்பிக்கப் புகுமுன்னரே அவர் கற்றுவிடுவர். குறையை அறியாதிருப்பவர் அப்பூட்டை வாங்கி நம்பியிருக்கும் நல்லவரே என்பது அம்மறுப்பின் சாரம். அந்நிகழ்ச்சியின் பின்னர் பூட்டுச் செய்வோர் தம் பூட்டுகளைத் திருத்தியமைக்கலாயினர்.

கணினியுலகிலும் இவ்வாதம் மீண்டும் எழுந்தது. ஒரே கணினியைப் பலர் தொலைவிலிருந்து ஏககாலத்திற் பயன்படுத்தும் முறை 1960 களில் பரவியபொழுது, ஒருவரின் தரவை மற்றொருவர் காணாது காப்பது எங்ஙனம் என்னும் கவலையும் உடன்தோன்றியது. 1967 ஆம் ஆண்டு அமெரிக்காவின் அற்லாந்திக் நகரில் நடைபெற்ற கணினி மாநாட்டில் வில்லிஸ் வெயார் முதலியோர் இதனை வெளிப்படையாக விவாதித்தனர். பின்னர் அமெரிக்க வான்படையைச் சேர்ந்த போல் கார்கர், றோஜர் ஷெல் என்னும் இருவர் மல்ரிக்ஸ் என்னும் முறைமையைச் சோதித்து, 1974 ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டனர். மல்ரிக்ஸ் பாதுகாப்பினைத் தொடக்கத்திலேயே கருத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. அக்காலத்து முறைமைகள் பலவற்றினும் மேம்பட்டது. ஆயினும், அதன் காவலைக் கடத்தல் இயலும் என அவ்விருவரும் செயலாற் காட்டினர்.

1993 ஆம் ஆண்டில் டான் பார்மர், வீற்சே வெனெமா என்னும் இருவர், ஒருவர் தம் கணினிகளைத் தாமே உடைத்துப் பார்ப்பதன் மூலம் அவற்றின் காவலை மேம்படுத்தும் வழியினை ஒரு கட்டுரையில் விளக்கினர். 1995 இல் அவர்கள் அப்பணிக்குரிய மென்பொருளொன்றை யாவரும் இலவசமாகப் பெறுமாறு வெளியிட்டனர். அதன் ஆங்கிலப் பெயரின் தலைப்பெழுத்துகள் சேர்ந்து ‘சாத்தான்’ என்னும் சொல்லாக அமைந்தன. சாத்தானைத் திறந்துவிட்டனர் எனப் பலர் அஞ்சினர். ஆயின், அஞ்சியவாறு இணையம் அழிந்துபோகவில்லை. கணினிகளைக் காப்போர் தம் வாயில்களைத் தாமே நோக்கும் பழக்கம் அதனால் வளர்ந்தது. அதன் வழிவந்த கருவிகள் இன்று காவற்றொழிலின் அன்றாடக் கருவிகளாயுள்ளன.

இனி, இச்சோதனை நடைபெறும் முறையை நோக்குவோம். முதலாவது படி உடன்படிக்கை. எக்கணினிகளைச் சோதிக்கலாம், எவற்றைத் தீண்டலாகாது, எந்நாளில், எந்நேரத்தில், எத்துணைத் தூரம் செல்லலாம் என்பன எழுத்தில் வரையறுக்கப்படும். இரண்டாவது படி ஒற்றறிதல். நிறுவனம் தன்னைப்பற்றித் தானே வெளியிட்டுள்ள செய்திகளிலிருந்து சேவையகங்களின் பெயர், முகவரி, உத்தியோகத்தரின் மின்னஞ்சல் அமைப்பு முதலியவை திரட்டப்படும். மூன்றாவது படி வாயில்களைத் தட்டிப் பார்த்தல். ஒரு சேவையகத்தில் 1 முதல் 65,535 வரை இலக்கமிட்ட வாயில்கள் திறக்கப்படலாம். இணையப் பக்கங்களை மறைகுறியாக்கி அனுப்ப 443 ஆம் வாயிலும், தொலைவிலிருந்து நிருவகிப்போருக்கு 22 ஆம் வாயிலும் வழக்கமாக உரியன. தேவையின்றித் திறந்து கிடக்கும் வாயில் எது, அதன் பின்னே காவலிருக்கும் மென்பொருள் எது, அஃது எப்பதிப்பு என்பன இப்படியிற் புலனாகும். நான்காவது படியே உட்புகுதல். ஐந்தாவது படியில், புகுந்த இடத்திலிருந்து எத்துணைத் தூரம் உட்செல்லலாம் எனக் காணப்படும். ஆறாவதும் இறுதியுமான படி அறிக்கை. எவ்வழியாற் புகுந்தேன், எதனைக் கண்டேன், இதனை அடைப்பது எங்ஙனம் என்பவற்றை அவ்வழியே மற்றொருவரும் சென்று பார்க்கத்தக்க முறையில் எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

உட்புகுதல் எவ்வாறு நிகழும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். கந்தோரொன்றில் எழுதுவினைஞர் ஒருவர் இருக்கின்றார் எனக் கொள்க. விண்ணப்பத்தாளிலே பெயருக்குரிய இடத்தில் எழுதப்பட்டுள்ள பெயரைப் பார்த்து, அப்பெயருக்குரிய கோவையை எடுத்துக் கொடுப்பது அவர் கடமை. ஒருவன் அவ்விடத்தில் தன் பெயரை எழுதாது, ‘கந்தன், அன்றியும் எல்லாக் கோவைகளையும் கொண்டு வருக’ என எழுதிக் கொடுக்கின்றான். பெயர் எது, கட்டளை எது எனப் பகுத்தறியாத எழுதுவினைஞர் எல்லாக் கோவைகளையும் சுமந்து வந்து அவன்முன் வைக்கின்றார். தரவுத்தளத்துக்குக் கட்டளையைப் புகுத்துதல் எனப்படும் தாக்குதலின் இயல்பு இதுவே. மனிதன் இவ்வாறு எளிதில் ஏமாறான். கவனமின்றி எழுதப்பட்ட நிரல் ஏமாறும். நிரலை எழுதியவர் பெயருக்குரிய இடத்திற் பெயரே எழுதப்படும் என்று எண்ணினார். சோதிப்பவரோ, பெயரல்லாத ஒன்றை எழுதினால் யாது நிகழும் என்று எண்ணுகின்றார். இருவரின் அறிவும் ஒத்ததாயினும், எண்ணும் திசை வேறு. அத்திசை வேறுபாடே சோதனையின் உயிர்நாடி.

ஓட்டைகளைத் தேடும் தன்னியக்க மென்பொருள்கள் பல இருக்க, இதற்கு மனிதரும் வேண்டுமோ எனச் சிலர் ஐயுறுவர். இவ்வையத்தைத் தீர்த்தற்கு 2017 ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு பெருங்கேட்டினை நோக்குதல் தகும்.

ஈக்குவிபக்ஸ் என்பது மக்களின் கடன் வரலாறுகளைத் திரட்டிவைக்கும் நிறுவனம். அது பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ரட்ஸ் என்னும் மென்பொருளில் ஓர் ஓட்டை உளதென்பதும், அதனை அடைக்கும் திருத்தமும் 2017 மார்ச் மாதத் தொடக்கத்தில் வெளியிடப்பட்டன. திருத்துமாறு நிறுவனத்துள்ளே கட்டளை அனுப்பப்பட்டது. தேடும் மென்பொருளும் இயக்கப்பட்டது. ஆயின், அவ்வோட்டையுள்ள சேவையகம் அதன் கண்ணுக்குத் தப்பியது. மே 13 ஆம் நாள் பகைவர் அவ்வழியே புகுந்தனர். புகுந்தவர் மறைகுறியாக்கப்படாது கிடந்த பயனர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் கண்டனர். தரவுத்தளங்களுக்கிடையே போதிய தடுப்பு இல்லாமையால், அச்சொற்களைக் கொண்டு முதலிற் புகுந்த இடத்தோடு தொடர்பற்ற வேறு பல தரவுத்தளங்களையும் எட்டினர். வெளிச்செல்லும் செய்திகளைச் சோதிக்கும் கருவியொன்று அங்கு இருந்தது. அதற்குரிய சான்றிதழ் காலாவதியாகியிருந்தமையால், அக்கருவி கண்ணிருந்தும் குருடாயிற்று. யூலை 29 ஆம் நாள் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்ட பின்னரே அக்களவு புலப்பட்டது. ஏறத்தாழ 14 கோடி 70 இலட்சம் மக்களின் விவரங்கள் அதற்குள் களவு போயிருந்தன.

இக்கேட்டினை ஆழ்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். திருத்தப்படாத மென்பொருள், மறைக்கப்படாத கடவுச்சொல், தடுப்பில்லாத வலையமைப்பு, காலாவதியான சான்றிதழ் ஆகிய நான்கும் தனித்தனியே நோக்கின் அலுவலகச் சோம்பலின் சிறு விளைவுகளே. ஒரு பட்டியலில் இவை நான்கு வரிகளாக நிற்கும். மேலதிகாரி அவற்றுள் முதலாவதை மாத்திரம் இவ்வாரம் பார்ப்போம் என ஒதுக்கிவிடலும் கூடும். ஆனால் நான்கும் தொடராக இணைந்தபொழுது ஒரு நாட்டு மக்கட்டொகையின் ஏறத்தாழப் பாதியினரின் விவரங்கள் வெளியேறும் பெருவழியாயிற்று. தேடும் மென்பொருள் ஓட்டைகளை எண்ணும். ஓர் ஓட்டையை மற்றோர் ஓட்டையோடு இணைத்து வழியாக்குவது பகைவனின் அறிவு. அவ்வறிவை நன்னோக்குடன் பயன்படுத்துபவரே ஊடுருவற் சோதனையாளர். ‘இக்கதவு பழுது’ எனச் சொல்லும் பட்டியலிலும், ‘இக்கதவால் நுழைந்து, இம்மேசையிலிருந்த திறப்பை எடுத்து, அப்பெட்டகத்தைத் திறந்தேன்’ எனச் சொல்லும் அறிக்கை பொறுப்பாளரின் நெஞ்சிற் படியும். எதனை முதலிற் செப்பனிடல் வேண்டும் என்பதனையும் அதுவே காட்டும். காவலர் விழித்திருந்தாரா என்பதும் அதனாற் புலனாகும். சோதிப்பவர் உள்ளே உலாவியபொழுது எவரும் அதனைக் காணவில்லையாயின், அதுவே அறிக்கையின் தலையாய செய்தி.

இத்துணைப் பயனுடையதாயினும், இச்சோதனைக்கு எல்லைகளும் உண்டு. முதலாவது, இஃது ஓட்டை உண்டு என நிறுவவல்லது. ஓட்டை இல்லை என நிறுவமாட்டாது. சோதனையாளருக்கு இரண்டு வாரம் தரப்படின், பகைவனுக்கு ஆண்டு முழுவதும் உண்டு. முற்கூறிய கார்கர், ஷெல் ஆகியோர் மற்றோர் அபாயத்தையும் எடுத்துக்காட்டினர். நிரலை இயந்திர மொழியாக்கும் தொகுப்பியின் உள்ளேயே கள்ளவழியொன்றை மறைத்துவைப்பின், மூலநிரலை எத்துணை முறை படித்தாலும் அது தென்படாது. இக்கருத்தினை கென் தொம்சன் 1984 இல் வெளியான தம் ரூறிங் பரிசுப் பேருரையிற் செயல்விளக்கத்தோடு எடுத்தாண்டார். ஆகவே, ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் கண்டு ஒவ்வொன்றாக அடைத்தல் மாத்திரம் போதாது. அமைக்கும்பொழுதே காவலைக் கருதி அமைத்தல் வேண்டும். பரீட்சை படிப்புக்கு ஈடாகாது. படிப்பு எத்தகையது என்பதனைப் பரீட்சை காட்டும், அவ்வளவே.

இரண்டாவது எல்லை அறத்தையும் சட்டத்தையும் பற்றியது. சோதனையாளனையும் கள்வனையும் வேறுபடுத்துவது உடைமையாளரின் முன்னனுமதி ஒன்றே. கருவியும் ஒன்று, வழியும் ஒன்று. இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அதிகாரமின்றிக் கணினியுட் புகுதலைக் குற்றமாக்கியுள்ளது. நன்னோக்கம் இருந்தது என்பது மாத்திரம் அனுமதியாகாது. அனுமதி பெற்றவிடத்தும் அது தெளிவாயிருத்தல் வேண்டும். 2019 செப்ரெம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மாநில நீதித்துறையினரின் ஒப்பந்தத்தோடு ஒரு மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தினுள் இரவில் நுழைந்த சோதனையாளர் இருவர் கைது செய்யப்பட்டனர். ஒப்பந்தம் செய்தவர் ஒரு சாரார். கட்டடத்தைக் காத்தவர் வேறொரு சாரார். 2020 சனவரியில் அவர்கள்மீதான குற்றச்சாட்டுக் கைவிடப்பட்டது. எல்லையை வரையறுக்கும் முதலாவது படியை வெறுஞ் சடங்காகக் கொள்ளலாகாது என்பதற்கு இஃது ஒரு சான்று. கணினியில் ஆர்வமுள்ள எம் மாணவர் இதனை மனத்திற் பதித்தல் நன்று. அயலவன் கதவு பூட்டப்படவில்லை என்பதனைக் காண விரும்பி அவன் வீட்டினுட் புகுதல் உதவியாகாது. பழகுதற்கென்றே அமைக்கப்பட்ட பயிற்சிச் சேவையகங்கள் உள்ளன; தம் சொந்தக் கணினியும் உண்டு. அவற்றிற் பயிலுக.

மூன்றாவது எல்லையே யாவற்றினும் பெரிது. சோதனை நோயைக் காட்டும். மருந்தை உண்ணுதல் நோயாளியின் கடமை. எம் நாட்டில் 2023 ஓகஸ்ற் மாதத்தில் அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவை, தரவுகளைப் பூட்டிப் பணயம் கேட்கும் தீய நிரலினால் தாக்குண்டது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் அதனாற் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ற் 26 வரையிலான மின்னஞ்சல்கள் அழிந்துபோயின. அங்குப் பாவனையிலிருந்த மின்னஞ்சல் மென்பொருள் 2013 ஆம் ஆண்டின் பதிப்பு. அதனை ஆக்கிய நிறுவனம் 2023 ஏப்பிரிலோடு அப்பதிப்புக்குத் திருத்தம் வழங்குதலை நிறுத்தியிருந்தது. இழந்த காலப்பகுதிக்கு மீட்டெடுக்கத்தக்க காப்புப் பிரதியும் இருக்கவில்லை. பழைய பதிப்பை மாற்றவேண்டும் என்பதனை அறிதற்கு நுண்ணிய சோதனை எதுவும் வேண்டியதில்லை. அறிந்த குறையைக் காலத்திற் செப்பனிடாமையே இங்கு விளைந்த கேட்டின் வேர். அறிக்கையை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டும் நிறுவனத்துக்கு ஊடுருவற் சோதனை பயன்படாமை மாத்திரமன்று, தீங்கும் பயக்கும். சோதித்துவிட்டோம் என்னும் போலி நிம்மதியை அது தருதலின் என்க. ஆதலால், சோதித்தல், செப்பனிடல், செப்பனிட்டதை மீண்டும் சோதித்தல் என்னும் மூன்றும் ஒரு தொழிலின் மூன்று உறுப்புகள் எனக் கொள்ளல் வேண்டும். சேவையகத்தில் மாற்றம் செய்யுந்தோறும் இச்சுழற்சி மீண்டும் தொடங்குதல் வேண்டும்.

மேற்கூறியவற்றால், அம்மாணவனின் வினாவுக்கு விடை கிடைக்கின்றது. ஓட்டையைச் சொல்லுதல் கள்வனுக்கு வழிகாட்டுதல் ஆகாதோ என்றான். உடையவனுக்கு முதலிற் சொல்லி, அவன் அடைத்தற்குக் காலமும் கொடுப்பின் ஆகாது. சொல்லாது மறைப்பினும் ஓட்டை ஓட்டையே. அதனை அறியாதிருப்பவர் நம்பியிருக்கும் மக்களே. தன் குறையைப் பிறன் சுட்டிக்காட்டப் பொறுத்தல் தனிமனிதருக்கும் எளிதன்று, நிறுவனங்களுக்கும் எளிதன்று. ஆயின், தம் விவரங்களை ஒப்படைத்த பொதுமக்களை நினைப்போருக்கு அப்பொறுமை கடமையாகின்றது.

திருவள்ளுவர் பொருட்பாலில் அரணுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். மதிலின் உயர்வையும் அகலத்தையும் திண்மையையும் அங்குப் புகழ்ந்தவர், எத்துணைச் சிறப்புடைய அரணும் உள்ளிருப்போர் செயற்றிறன் அற்றவராயின் இல்லாததற்கே சமம் என்னும் கருத்தோடு அவ்வதிகாரத்தை நிறைவு செய்கின்றார். சேவையகமாகிய இக்காலத்து அரணுக்கும் இது பொருந்தும். சோதனையாளர் மதிலின் வெடிப்பைச் சுட்டிக்காட்டலாம். கல்லை எடுத்து அடைக்கவேண்டியவர் உள்ளிருப்பவரே.